அத்தையோடு நாக்பூர்: படிகளை எண்ணிப் போடும் ஒரு பயணத் திட்டம்

அக்டோபர் நெருங்கினால் நம் தோழர்களில் பலர் நாக்பூர் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 1956 அக்டோபர் 14, அசோக விஜயதசமி நாளில், அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்ற தீட்சாபூமி அங்கே இருக்கிறது. இருபது வயதில் அங்கே போய் வருவது பெரிய காரியமில்லை. ஒரு தோள்பை, ஒரு பொதுப்பெட்டி டிக்கெட், இரண்டு நாள் தூக்கமில்லை. முதுகலை சமூகவியல் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் போய் வந்தேன். ராத்திரி ரோட்டோரத்தில் பேப்பர் விரித்துப் படுத்தோம். அப்போது படிகளை எண்ணும் தேவை எனக்கு இருக்கவில்லை.

இந்த ஆண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னோடு வருவது என் அத்தை. வயது 61. வாக்கர் பிடித்து ஐம்பது அடி நடப்பார், அதற்கு மேல் உட்கார வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். உயரமான படி என்றால் ஒன்றுகூட ஏற முடியாது.

அத்தையின் கால் பிறவியிலேயே இப்படி இல்லை. முப்பது வருஷம் நடவு நட்ட கால் அது. முழங்கால்கள் அதிலேயே பாதி தேய்ந்துவிட்டன. பிறகு ஒருநாள் கரும்பு வெட்டுக்கு ஆள் ஏற்றிப்போன லோடு வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. இடுப்பெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாளே கூலி போகிறதே என்று வீட்டுக்கு வந்துவிட்டார். எலும்பு கோணலாகக் கூடியது. இப்போது கையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கிறது. அந்த ஊனத்தை அவருக்குக் கொடுத்த வேலை எது, வண்டி எது என்று சான்றிதழில் எழுத இடமில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர், மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் மட்டும் பார்த்தால் அது 2.45 சதவீதம். பழங்குடியினர், மற்றவர்கள் இரு தரப்பையும்விட அதிகம். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆபத்தான வேலை யாருக்கு, ஆள் ஏற்றும் லோடு வண்டி யாருக்கு, நான்காம் நாள் படுக்கையை விட்டு எழ வேண்டிய கட்டாயம் யாருக்கு என்று கேட்டுப் பார்த்தால் போதும். ஊனமும் சாதியும் இரண்டு தனித்தனிப் பாடங்களாக நமக்குக் கற்பிக்கப்பட்டன. என் வீட்டில் அவை ஒரே உடம்பில் இருக்கின்றன.

எங்கள் பகுதியிலிருந்து ஒரு அமைப்பு சில ஆண்டுகளாக நாக்பூருக்கு வேன் எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் அத்தை பெயர் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் அன்பாகவே பதில் வரும்: "உங்களால முடியாதும்மா, நீங்க இருந்துக்கோங்க. பிரசாதம் மாதிரி ஒரு படம் வாங்கியாறோம்." அப்படி வந்த படங்கள் மூன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. முடியாது என்று சொன்னவர்கள் யாரும் எது முடியாது என்று அத்தையைக் கேட்கவில்லை. ஏற முடியாதா, நடக்க முடியாதா, கழிப்பறை பிரச்சினையா, இல்லை வேன் தாமதமாகும் என்பதுதான் பிரச்சினையா?

இந்தத் திட்டம் அந்தக் கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறது.

எந்த நாள்?

விஜயதசமி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-ல் அக்டோபர் 12, 2025-ல் அக்டோபர் 2, இந்த ஆண்டு அக்டோபர் 20. அக்டோபர் 14-ம் தேதியும் அங்கே தனியாக நினைவுகூரப்படுகிறது. நடக்க முடியாதவரோடு போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: கூட்டமில்லாத நாளாகப் பார். நவம்பர் முதல் வாரம் என்றால் வெயிலும் தணிந்திருக்கும், அறையும் கிடைக்கும். நானும் அதைத்தான் அத்தையிடம் சொன்னேன்.

"கூட்டம் இல்லாத அங்க இன்னா இருக்குது பாப்பா? கல்லும் சிமெண்டும்தான. நா நம்ம சனத்தப் பாக்கணும்னுதான் சொன்னேன்."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். தனி நேரம், தனி வழி, தனி ஏற்பாடு. நமக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல. தனிக் குவளை, தனித் தெரு, தனிச் சுடுகாடு என்று பழகிய காது இது. வசதி என்ற பெயரில் ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே கூட்டிப்போய்க் காட்டுவது பாதி அணுகல்தான். கட்டடத்துக்குள் போவதோடு மக்களுக்கு நடுவில் இருப்பதும் உரிமையில் சேரும். அதே நேரத்தில் நெரிசலில் வாக்கரோடு நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டியிருந்தது.

முடிவு இது. 16-ம் தேதி இரவு சென்னையிலிருந்து கிளம்புவது. 17 பிற்பகல் நாக்பூர், அன்று ஓய்வு மட்டும். 18 அதிகாலை, கூட்டம் முழுதாகச் சேருவதற்கு முன்பே, தீட்சாபூமித் தூபியை நிதானமாகப் பார்ப்பது. 19 மீண்டும் ஓய்வு, அத்தைக்குத் தெம்பிருந்தால் காம்டி வரை ஒரு கார் பயணம். 20-ம் தேதி விடிவதற்கு முன்பே போய், உள்ளே நெருக்காமல், புத்தகக் கடைகள் இருக்கும் பக்கம் சாலையோரத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சனம் நடந்து போவதைப் பார்ப்பது. வெயில் ஏறுவதற்குள் திரும்புவது. 21 ஓய்வு. 22 ரயில்.

இரண்டு நாளில் இளைஞர்கள் முடிக்கும் பயணம் இங்கே ஆறு நாளாகிறது. அத்தை போன்றவர்களின் பயணத்துக்கு முதல் விதி இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு இடம், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளையும் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

ரயில்

சென்னை சென்ட்ரலில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அது ரயில் பாதை முடியும் நிலையம் என்பதால் நுழைவாயிலில் இருந்து நடைமேடைக்கு மேம்பாலம் ஏறாமலே போகலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி மறுநாள் பிற்பகல் நாக்பூர் சேர்கிறது. பயண நேரத்தில் பாதி தூக்கத்திலேயே கழியும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

ரயில்வே முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. அதனால் அக்டோபர் 16 பயணத்துக்கு ஆகஸ்ட் 17 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு இன்னும் திரும்பவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை இருக்கிறது. துணையில்லாமல் பயணிக்க முடியாத கை, கால் ஊனமுற்றவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் தள்ளுபடி. நம் வீடுகளில் பலர் ஸ்லீப்பரில் மட்டும்தான் சலுகை என்று நினைக்கிறார்கள். ஏசி பெட்டி நமக்கில்லை என்று நாமே முடிவு செய்துகொண்ட பழக்கம் அது. இதற்காக ரயில்வே தரும் தனி அடையாள அட்டையை முன்னதாகவே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள், அந்த எண்ணைப் போட்டு இணையத்திலேயே சலுகைச் சீட்டு எடுக்கலாம். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் எடுத்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

இவ்வளவும் சரி, சென்ட்ரல் வரை எப்படிப் போவது? எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ல் இருந்து கட்டணமில்லை. நல்ல திட்டம், என் வேலையிலேயே அதன் பலனைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அத்தைக்கு அந்தப் பயணம் முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் படி அவர் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. அது தானாக வந்த கருணை அல்ல. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் நின்று பெற்றது. எங்கள் ஊருக்கு அந்தப் பேருந்து வரவில்லை. ஆகவே வீட்டிலிருந்து சென்ட்ரலுக்கு வாடகைக் கார். 75 சதவீதத் தள்ளுபடியில் மிச்சமானது இங்கே போய்விடும்.

தங்கும் இடம்

அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். போனில் "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டால் எல்லா லாட்ஜிலும் "இருக்கு" என்கிறார்கள். ரோட்டிலிருந்து அந்த லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அங்கே படிக்கும் ஒரு தோழர் டேப்போடு போய்ப் பார்த்தார். முதல் இடத்தில் வாசலில் ஐந்து படி. இரண்டாவது இடத்தில் சரிவுப்பாதை இருந்தது, ஆனால் அது மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்காகப் போட்டது. ஒழுங்கான சரிவு என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்கப் பயன்படும். மூன்றாவது இடத்தில் வாசலும் அறையும் சரி, குளியலறைக் கதவுதான் இரண்டடி அகலம். சக்கர நாற்காலி நுழையாது. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன.

நான்காவது, ஒரு வீட்டின் தரைத்தள அறை. படியே இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் கைப்பிடி. உரிமையாளர் வாடகை வரை பேசி முடித்தார். பிறகு எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார். தீட்சாபூமி என்றேன். கொஞ்சம் பொறுங்கள் என்று போனை வைத்தவர், பத்து நிமிடத்தில் அந்தத் தேதிகளுக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். மறுநாள் நம் தோழர் தன் பெயரைச் சொல்லாமல், அலுவலக வேலையாக வருவதாகச் சொல்லிக் கேட்டபோது அதே தேதிகளில் அறை காலியாக இருந்தது.

படியில்லாத அறைகள் ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. அதிலும் சாதி ஒரு கதவைச் சாத்தினால் மீதி என்ன? இந்துச் சமூகத்தை மாடிப்படி இல்லாத அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 1920-ல் மூக்நாயக் முதல் இதழில் அண்ணல் ஒப்பிட்டார். மேல் தளத்தில் இருப்பவர் இறங்க முடியாது, கீழே இருப்பவர் ஏற முடியாது. அத்தைக்கு வாய்த்த கட்டடத்தில் வாசலெங்கும் படிகள், படியில்லாத ஒரே வாசலில் பூட்டு.

கடைசியில் அந்தத் தோழரின் நண்பர் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டின் முன்னறையைத் தர ஒப்புக்கொண்டது. அவர்கள் வீட்டிலும் ஒரு தாத்தா கட்டிலோடு இருக்கிறார். கழிப்பறையில் ஏற்கெனவே கைப்பிடி பொருத்தியிருக்கிறார்கள். படி எத்தனை என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள்: ஒன்று, நான்கு அங்குல உயரம், அதற்குப் பலகை இருக்கிறது.

ஊருக்குள்

நாக்பூரில் 2019 மார்ச்சில் இருந்து மெட்ரோ ஓடுகிறது. ஆரஞ்சுத் தடமும் அக்வா தடமும் சீதாபுல்டியில் சந்திக்கின்றன. ரயில் நிலையத்துக்கு அக்வா தடத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டம். தீட்சாபூமிக்கு ஆரஞ்சுத் தடத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். விஜயதசமி அன்று சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், ஆட்டோ கிட்டே போகாது. அன்றைக்கு மடக்கும் சக்கர நாற்காலிதான் வாகனம். தள்ளுவதற்கு மூன்று பேர் முறை வைத்திருக்கிறோம்: நான், அத்தையின் பேத்தி, அந்தத் தோழர்.

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. சக்கரம் சேற்றில் புதையும். அங்கே அந்த நேரத்தில் மழை ஓய்ந்து வெயில் மீண்டும் சுள்ளென்று அடிக்கும். குடை, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. தண்ணீரைப் பற்றி இளம் தோழிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பெண்கள் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கழிப்பறை கிடைக்காது என்ற பயம். நடக்க முடியாதவருக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. அத்தைக்கு நாங்கள் கொடுத்திருக்கும் வாக்கு இதுதான்: ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் போகக்கூடிய ஒரு கழிப்பறையை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்போம், நீ தண்ணீர் குடி.

பார்க்க வேண்டியவை இரண்டுதான் வைத்திருக்கிறோம். ஒன்று தூபி. 120 அடி உயரம், 120 அடி விட்டம். 1978-ல் கட்டத் தொடங்கி 2001 டிசம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்து வைத்தார். மற்றொன்று காம்டியில் இருக்கும் டிராகன் பேலஸ் புத்தர் கோயில். ஜப்பானிய அமைப்பு ஒன்றின் உதவியோடு 1999-ல் கட்டியது. மீதி நேரத்தில் காலையில் காரக்குழம்பு ஊற்றிய தர்ரி போஹா, அக்டோபரில் சந்தைக்கு வரத் தொடங்கும் அம்பியா பருவத்து ஆரஞ்சு. அத்தையின் பட்டியலில் இவையும் உண்டு. போராட்ட மண்ணுக்குப் போகிறவர் ஊர் சுற்றிப் பார்க்கக் கூடாதா? கூலிக்காக இல்லாமல், ஆஸ்பத்திரிக்காக இல்லாமல், சும்மா ஒரு ஊருக்குப் போவது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

1956-ல் மேடையேறியவர்

அண்ணலை நாம் எப்போதும் நிமிர்ந்து நின்று விரல் நீட்டும் சிலையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1956 அக்டோபரில் நாக்பூருக்கு வந்தவர் 65 வயதுக்காரர். நீரிழிவு நோயும் கால்வலியும் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியிருந்தன. சீதாபுல்டியில் ஷியாம் ஹோட்டலில் தங்கினார். தீட்சை மேடைக்கு ஒரு கையில் தடியோடு, மறு கையை உதவியாளர் நானக் சந்த் ரத்துவின் தோளில் வைத்து வந்தார். மருத்துவரான துணைவியார் சவிதா உடன் இருந்தார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தது 53 நாட்கள்தான்.

யாராவது அன்று அவரிடம், உங்களால் முடியாது ஐயா, நீங்கள் இருந்துகொள்ளுங்கள், நாங்கள் போய் வருகிறோம் என்று சொல்லியிருப்பார்களா? ஒரு தடியும் ஒரு தோளும் ஏற்பாடு செய்தார்கள். வரலாறு அந்தத் தோளைப் பிடித்துத்தான் மேடையேறியது. தோள் கொடுப்பது என்று நாம் மேடையில் அடிக்கடி சொல்கிறோமே, அது அன்று உவமை அல்ல.

நமக்குள் கேட்க வேண்டியது

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடம், போக்குவரத்து, பொதுச்சேவை எல்லாவற்றையும் அணுகக்கூடியதாக ஆக்கச் சொல்கிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசிடம் இதைக் கேட்கத்தான் போகிறோம். ஆனால் அதே கேள்வியை நம் அமைப்புகளிடம் யார் கேட்பது?

நம் வாசகர் வட்டங்கள் பெரும்பாலும் மாடியில் கூடுகின்றன, வாடகை குறைவு என்பதால். நம் ஆர்ப்பாட்டங்களில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். நம் பயிற்சி முகாம்களில் தரையில் அமர்வதே தோழமை. பணமில்லாத இயக்கத்தின் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் அந்தக் கணக்கு நோட்டை எழுதியவள்தான். ஆனால் கீழே சொல்பவற்றுக்குப் பணம் தேவையில்லை.

கூட்ட அறிவிப்பில் நேரம், இடத்தோடு நான்கு வரி சேருங்கள். வாசலில் இருந்து இருக்கை வரை எத்தனை படி. வண்டி எவ்வளவு கிட்டே வரும். கழிப்பறை எப்படிப்பட்டது, எத்தனை அடி தூரம். முதுகு சாய்க்கும் நாற்காலிகள் எத்தனை. படி இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். தெரிந்தால் வருகிறவர் முடிவு செய்துகொள்வார். பயணம் என்றால் பெயர் பதியும் தாளில் ஒரு கேள்வி வையுங்கள்: உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்? முடியுமா, முடியாதா என்பதை அவரே சொல்லட்டும்.

இயக்கத்துக்குக் கால் தேய நடந்த தலைமுறை ஒன்று இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஊர்வலத்தில் குழந்தையை இடுப்பில் வைத்து நடந்தவர்கள், தடியடி வாங்கியவர்கள், சங்கத்துக்குப் பிடியரிசி கொடுத்தவர்கள். அவர்கள் வராத கூட்டத்தில் அவர்களுடைய தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் உங்கள் அமைப்பு கூடும் இடத்துக்கு ஒரு டேப்போடு போங்கள். வாசல் முதல் கழிப்பறை வரை அளந்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு உங்கள் தெருவில் வராமல் போனவர் யார் என்று யோசித்து, அந்தத் தாளோடு அவர் வீட்டுக்குப் போங்கள்.

ஜெய் பீம்.